நள்ளிரவில் வீட்டில் ஒருவர் கை ஓங்கினால்: ஜி.எச்.சா, கீழ்ப்பாக்கமா, விடியட்டும் என்று காத்திருப்பதா?

இரவு ஒன்றே முக்கால். கேஷுவாலிட்டி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூன்று பேர் சேர்ந்து ஒருவரை இறக்கினார்கள். ஐம்பதைத் தாண்டியவர், வியாசர்பாடிப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவர். இரண்டு கையையும் முன்னால் சேர்த்துப் பழைய கைலியால் கட்டியிருந்தார்கள். மகனுக்கு உதட்டில் ரத்தம். "சிஸ்டர், அப்பாவுக்குத் திடீர்னு பைத்தியம் பிடிச்சிடுச்சு. அம்மாவையே அடிக்கப் போயிட்டாரு. கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கிளம்பினோம். வழியில ஒரேயடியா வேர்த்துக் கொட்டுச்சு, பயந்துபோய் இங்க திருப்பிட்டோம்."

விரலில் குத்த நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சர்க்கரை பார்க்கும் மெஷின் 34 காட்டியது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பல்வலி என்று சாப்பிடாமலே படுத்திருக்கிறார், அவ்வளவுதான் கதை. நரம்பில் குளுக்கோஸ் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுந்து உட்கார்ந்து, "என் செருப்பு எங்க?" என்று கேட்டார். செருப்பு ஆட்டோவோடு போய்விட்டிருந்தது.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அங்கேயும் சர்க்கரை பார்த்திருப்பார்கள்தான். ஆனால் 34-இல் துடிக்கிற மூளைக்கு இன்னும் இருபது நிமிடப் பயணம் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் குடும்பம் வண்டியைத் திருப்பியது வெறும் அதிர்ஷ்டம்.

நான் பதினான்கு வருடமாக அவசரப் பிரிவில் நர்ஸ். பாதி அரசு, பாதி தனியார். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று பலரும் போனில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இப்படி அடிக்க வர்றாரே, எங்க கூட்டிட்டுப் போறது?" சென்னையில் இதற்கு ஒரு பதில் இல்லை, ஏழெட்டு வாசல் இருக்கிறது. எந்த வாசல் யாருக்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஊசி, மாத்திரை முடிவெல்லாம் அவர்களுடையது. வாசலைத் தேர்ந்தெடுப்பது மட்டும் எப்போதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

எல்லோரும் முதலில் கேட்பது, "இது மனசா, உடம்பா?" என்று. அந்தக் கேள்விக்கு வீட்டு வாசலில் நின்று பதில் சொல்ல முடியாது. டாக்டர்களே சில சமயம் ஸ்கேன் எடுத்த பிறகுதான் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவரால் சொல்ல முடிந்த கேள்வி வேறு: இவர் எப்போதிலிருந்து இப்படி?

நேற்று வரை நன்றாக இருந்தவர், இதற்கு முன்னால் ஒரு நாளும் இப்படி ஆகாதவர் என்றால், யோசிக்கவே வேண்டாம், பொது மருத்துவமனை அவசரப் பிரிவு. ஊரே "மென்டல் கேஸ்" என்று சொன்னாலும் சரி. ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது, தூக்கம் குறைந்து குறைந்து இப்போது உச்சத்துக்கு வந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, பேச்சில் நிதானம் இல்லாவிட்டாலும் நினைவு தெளிவு என்றால், அவருடைய மனநல டாக்டரோ கீழ்ப்பாக்கமோதான் சரியான இடம். மற்றதெல்லாம் இந்த இரண்டின் கிளைகள்.

நினைவு தெளிவு என்று எதைச் சொல்கிறேன்? மனச்சிதைவு உள்ளவர், பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீரில் விஷம் கலக்கிறான் என்று அரிவாள் தேடலாம். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, தான் இருப்பது பெரம்பூர், எதிரில் நிற்பது தங்கை என்பது அவருக்குத் தெரியும். காதில் குரல் கேட்கிறது என்பார். உடம்புக் கோளாறால் குழம்பியவர் வேறு மாதிரி. மாலையில் நன்றாகப் பேசுவார், இரவில் மகளைப் பார்த்து "யாரம்மா நீ" என்பார், விடிந்தால் மறுபடி தெளிவு. சுவரில் பூச்சி ஓடுகிறது என்று காட்டுவார். குரல் கேட்பதைவிட உருவம் தெரிவதுதான் அதிகம். டாக்டர்கள் டெலிரியம் என்று சொல்வது இதைத்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் முரட்டுத்தனமாகிறார் என்றாலே உடம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதில் என் அனுபவத்தில் முதல் இடம் குடிக்கு. அதிலும் குடித்துவிட்டு வருபவரைவிட, குடியை நிறுத்தியவர். பலருக்கு இது புரிவதில்லை. பெயின்டர் ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து எலும்பு வார்டில் சேர்ந்தார். முதல் நாள் நல்ல மனிதர், என்னிடம் என் ஊர் எது என்று கேட்டார். இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை. வலி என்று நினைத்துவிட்டோம். மூன்றாம் நாள் இரவு டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, போர்வையில் எறும்பு எறும்பு என்று கத்திக்கொண்டே அடுத்த கட்டில்காரரை அடிக்கப் போனார். தினமும் குவார்ட்டர் கணக்கில் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து இந்த மாதிரி வரலாம். விட்டுவிட்டால் உயிரே போகும். இவரைக் கட்டிப்போட்டுப் புண்ணியம் இல்லை. இதற்குத் தனி மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 ஊசியும் சேர்த்து. அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்தக் காரணத்துக்குப் போனாலும், "கடைசியா எப்போ குடிச்சாரு" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். அம்மாவின் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கஞ்சாவும் வலி மாத்திரையை உடைத்து ஏற்றிக்கொள்வதும் அப்படியே. போலீஸில் சொல்லிவிடுவார்களோ என்று மறைத்து, என்ன உள்ளே போயிருக்கிறது என்றே தெரியாமல் நாங்கள் மேலே ஒரு மயக்க மருந்தைப் போட்டால், மூச்சு நின்றுபோக வழி இருக்கிறது.

அடுத்து, பத்து நாளைக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து, "ஒண்ணும் இல்ல, சும்மா வீக்கம்" என்று வீட்டுக்கு வந்தவர். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்து, இப்போது எரிச்சல், கோபம், தடுமாற்றம். வயதானவர்கள் என்றால் சிறுநீரில் கிருமித் தொற்று, உடம்பில் உப்பு குறைவது. சில ரத்த அழுத்த மாத்திரைகளே உப்பைக் குறைக்கும். சித்திரை வெயிலில் வாந்தியும் பேதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "அத்தைக்கு வயசாகிடுச்சு, புத்தி மாறிடுச்சு" என்று மருமகள் சொல்லிக்கொண்டிருப்பாள். ரத்தத்தில் சோடியம், அதாவது அந்த உப்பு, 112-க்கு இறங்கியிருக்கும். குழந்தை பெற்று ஒரு வாரம், பத்து நாளில் ஒரு பெண் தூங்காமல், சந்தேகப்பட்டுக்கொண்டு, குழந்தையை முறைத்துப் பார்க்கிறாள் என்றால் அது மாமியார் பிரச்சினை இல்லை, பெரிய அவசரம். அந்த இரவிலேயே குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, மனநல டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, பொது மருத்துவமனை என்றால் எது? சென்ட்ரல் எதிரில் இருக்கிற ராஜீவ் காந்தி ஜி.எச்., வடக்கே ஸ்டான்லி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கே.எம்.சி. என்கிற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ராயப்பேட்டை. எது பக்கமோ அது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் மனநலத் துறையும் உள்ளேயே உண்டு. உள்ளே நுழைந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். கத்துகிறவர் முதலில் பார்க்கப்படுவார் என்று நினைக்காதீர்கள். மூச்சு, நாடி, நினைவு மூன்றையும் வைத்துத்தான் வரிசை. சர்க்கரை, பிரஷர், ஆக்சிஜன் அளவு, காய்ச்சல் இந்த நாலும் ஐந்து நிமிட வேலை. அடிபட்டிருந்தால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடுவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. தேவைப்பட்டால் சி.டி. அதன் பிறகுதான் மனநல டாக்டருக்குப் போன் போகும்.

குறையும் சொல்ல வேண்டும் இல்லையா? ஏற்கெனவே பயந்துபோன ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த கேஷுவாலிட்டியைவிட மோசமான இடம் கிடையாது. கண்ணைக் கூசும் டியூப் லைட், பக்கத்தில் விபத்துக் கேஸ் அலறல், "ஏய், உட்காருய்யா" என்று அதட்டும் செக்யூரிட்டி. வாசலில் அரை அமைதியாக வந்தவர் உள்ளே வந்து பத்தாவது நிமிடத்தில் முழு ஆவேசமானதை நானே பார்த்திருக்கிறேன். மனநல டாக்டர் வர நேரமாகலாம். படுக்கை இல்லை என்று காலையில் கடிதம் கொடுத்துக் கீழ்ப்பாக்கத்துக்கே அனுப்பவும் செய்யலாம். "அதுக்கு முதல்லயே அங்க போயிருக்கலாமே" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். சொல்லட்டும். சர்க்கரையும் சி.டி.யும் பார்த்த பிறகு போவதும் பார்க்காமல் போவதும் ஒன்றல்ல.

தனியார் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் சீக்கிரம், அறை அமைதி, ஏசி. ஆனால் பலவற்றில் மனநல வார்டு கிடையாது. உடம்பை நிலைப்படுத்திவிட்டு, "வேற இடம் பாத்துக்குங்க" என்பார்கள், பில்லோடு. அதனால் கிளம்பும் முன் போன் செய்து, ராத்திரி மனநல டாக்டர் வருவாரா, இப்படிப்பட்டவரை உள்நோயாளியாக வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு இடம். இன்சூரன்ஸ் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். கவுன்ட்டரில் "சைக்யாட்ரி கவர் ஆகாது" என்று பழக்கதோஷத்தில் சொல்வார்கள். பாலிசியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

இப்போது கீழ்ப்பாக்கம். முதலில் ஒரு நடைமுறை விஷயம். ராத்திரி ஆட்டோக்காரரிடம் "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி" என்றால் நேராக கே.எம்.சி.யில் இறக்கிவிடுவார். மனநலக் காப்பகம் இருப்பது அயனாவரம் பக்கம், மேடவாக்கம் டேங்க் ரோட்டில். "அயனாவரம் மென்டல் ஆஸ்பத்திரி" என்றால்தான் புரியும். எனக்கும் அப்படிச் சொல்லப் பிடிக்காது. ஆனால் அந்த நேரத்தில் மரியாதையான பெயரைவிடச் சரியான இடம் முக்கியம்.

1794-இல் தொடங்கி, 1871-இல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த இடம். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொல்லி நாம் அடித்த நகைச்சுவைகள் போதும். அந்த நகைச்சுவையின் விலையை நான் தினமும் பார்க்கிறேன். அங்கே போனால் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாது என்று நாலு மாதம் வீட்டில் பூட்டி வைத்து, கடைசியில் அண்ணன் கையை உடைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

அங்கே இருக்கிற நல்லது இதுதான். ஒருவர் சாமி வந்த மாதிரி ஆடினாலும், சட்டையைக் கிழித்தாலும், அந்த ஊழியர்கள் திரும்பி வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது திங்கட்கிழமை மாதிரி. எப்படிப் பிடிப்பது, எப்போது விலகி நிற்பது என்று கைக்குப் பழகியிருக்கும். காசு கிடையாது. இந்த ஒரு ராத்திரியோடு முடியாமல், மாத்திரையும் தொடர் சிகிச்சையும் அங்கேயே. குறை என்றால், உடம்பில் பெரிதாக ஏதாவது இருந்தால் அங்கிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். காய்ச்சல், வலிப்பு, தலைக்காயம், மயக்கம், மாத்திரையை மொத்தமாக விழுங்கியது இதில் ஒன்று இருந்தாலும் அங்கே முதலில் போகாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு மனநல டாக்டரிடம் பார்ப்பவர் என்றால் வேறு எங்கும் கிளம்பும் முன் அந்த டாக்டருக்கு ஒரு போன். பழைய மருந்து, முன்பு எந்த ஊசி ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் எடுக்கவில்லை என்றால் 14416. டெலிமானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், 2022-இலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். ஆளே வந்து அழைத்துப் போக மாட்டார்கள். ஆனால் பதற்றத்தில் இருக்கிற குடும்பத்துக்குத் தெளிவான ஒரு குரல் கேட்பதே பெரிய விஷயம். வண்டிக்கு 108.

"விடியட்டும், காலையில ஓ.பி.க்குப் போலாம்" என்பதும் ஒரு முடிவுதான். நான் அதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தெரிந்த நோய், இன்னும் யார்மேலும் கை படவில்லை, கத்துவதோடு சரி, தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறார், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க முடியும் என்றால் காத்திருக்கலாம். பிள்ளைகளை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். அரிவாள்மனை, கத்தி, பினாயில், தூக்க மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கதவை வெளியே பூட்டாதீர்கள். பூட்டிய அறை மனிதரை இன்னும் மிரள வைக்கும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கோபம் உள்ளே திரும்புகிற இடம் அது.

தெருக்கோடி கிளினிக் டாக்டரை வீட்டுக்கு வரவழைத்து ஓர் ஊசி போட்டுவிடுவது? எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. காரணம் தெரியாமல் தூங்க வைத்தால், தலைக்குள் ரத்தக் கசிவு இருப்பவரும் தூங்குகிறார், சர்க்கரை குறைந்தவரும் தூங்குகிறார், வீடு "அப்பாடா" என்கிறது. அப்படி ஒருமுறை ஊசி போட்ட பையனை மறுநாள் காலையில் தூக்கி வந்தார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ளி, பேச முடியாமல். அம்மா வலிப்பு என்று அழுகிறாள். வலிப்பு இல்லை, ஆவேசத்தை அடக்கும் செரினேஸ் ஊசியைத் துணை மருந்து இல்லாமல் போட்டதன் விளைவு. அந்தத் துணை மருந்தான பெனர்கனைக் கொடுத்து அரை மணியில் சரியானது. ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு எந்த மனநல மருந்தையும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

சில "மறுவாழ்வு மையம்"காரர்கள் வேனில் மூன்று தடியர்களை அனுப்பி, தூக்கத்திலேயே அள்ளிக்கொண்டு போவார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள், ஒரு மாதம் பார்க்கவே விட மாட்டார்கள். கேட்கவே வேண்டாம், இது வாசல் இல்லை, பொறி. மாநில மனநல ஆணையத்தில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டாதவன் வண்டியில் ஏற்றாதீர்கள். பதிவு இருக்கிற இடத்திலும், சம்மதமில்லாதவரைச் சேர்க்க மனநல டாக்டர் ஒருவரும் இன்னொரு டாக்டரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், முதலில் 30 நாள்தான் என்று சட்டம். சங்கிலி எங்கே இருந்தாலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீ பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள்.

போலீஸைக் கூப்பிடலாமா? கையில் கத்தி இருந்தால், கூப்பிட்டே ஆக வேண்டும். 112-இல் முதல் வாக்கியமே "மனநலம் பாதிக்கப்பட்டவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேணும்" என்று இருக்கட்டும். "எங்க அண்ணன் அடிக்கிறான்" என்று ஆரம்பித்தால் அது அடிதடி கேஸாகத்தான் அவர்கள் காதில் விழும். மனநோயால் ஆபத்தில் இருப்பவர் என்று போலீஸ் பொறுப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. அதே 2017 சட்டத்தின் நூறாவது பிரிவு. ஸ்டேஷனில் எல்லோருக்கும் இது தெரியும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

எப்படியோ உள்ளே வந்தாகிவிட்டது. இங்கேயும் குடும்பத்திடம் ஒரு கேள்வி வரும்: பேசிப் பார்ப்பதா, மாத்திரையா, ஊசியா, கட்டுவதா? "சீக்கிரம் கட்டுங்க சிஸ்டர்" என்பார்கள் பலர். இந்த வரிசையில் கட்டுவதுதான் கடைசி.

பேச்சை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. எங்கள் டூட்டியில் வயதான வார்டு அட்டெண்டர் ஒருவர் இருந்தார். யார் எகிறினாலும் இரண்டு கை தூரத்தில், நேர் எதிரில் நிற்காமல் சற்றுச் சாய்வாக நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள மாட்டார், உள்ளங்கை தெரிய வைத்திருப்பார். "அண்ணா, சாப்டீங்களா?" என்பார். அவ்வளவுதான். "என்னை யாரோ துரத்துறாங்க" என்று நோயாளி சொன்னால் இல்லை என்று வாதாட மாட்டார், ஆமாம் என்று ஒத்தும் ஊத மாட்டார். "பயமாத்தான் இருக்கும். இங்க யாரும் உள்ள வரமாட்டாங்க, நான் வாசல்ல நிக்கிறேன்." ஒரே ஆள்தான் பேச வேண்டும் என்பது அவர் சட்டம். மாமா, சித்தப்பா, கூட வந்த நண்பன் என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் "கோவப்படாதடா" என்று கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? பாதிப் பேருக்கு அவர் கொடுத்த டீயோடு மாத்திரை இறங்கியிருக்கிறது. டீ மட்டும் ஆறியிருக்க வேண்டும். சூடான டீயை முகத்தில் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

மாத்திரையை அவராகவே வாங்கிப் போட்டால் அதைவிட நல்லது இல்லை. மறுத்தால் ஊசி. அதிலும் எங்கள் பக்கத்து ஊர் ஆராய்ச்சி ஒன்று உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி.யில், ஆவேசத்தோடு கொண்டுவரப்பட்ட 200 பேரிடம் லோரசெபாம் என்ற தூக்க மருந்து ஊசியையும், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசியையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எல்லோரும் அடங்கியிருந்தார்கள். சேர்த்துப் போட்ட ஊசி இன்னும் சீக்கிரம் தூங்க வைத்தது. 2007-இல் 300 பேரிடம் ஓலான்சபின் என்ற இன்னொரு மனநல மருந்து ஊசியோடு இந்தச் சேர்க்கையை ஒப்பிட்டபோதும் வேகத்தில் இரண்டும் சமம், ஆனால் ஓலான்சபின் போட்டவர்களுக்கு மறுபடி மருந்து கொடுக்க வேண்டி வந்தது அதிகம். நாங்கள் வார்டில் "செரினேஸ் பெனர்கன்" என்று ஒரே மூச்சில் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். மேலே சொன்ன பையனின் கழுத்தைத் திருகவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பெனர்கன். குடியை நிறுத்தியதால் வந்த ஆவேசத்துக்கு இது முதல் மருந்து இல்லை. அங்கே லோரசெபாம் வகைதான். குடித்த போதையிலேயே வந்தவருக்கோ லோரசெபாம் கொடுக்கவே யோசிப்பார்கள், மூச்சு மந்தமாகும் என்று. குடித்தாரா, நிறுத்தினாரா, எப்போது என்று நான் ஏன் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று இப்போது புரியும்.

கட்டியே தீர வேண்டும் என்றால் அகலத் துணியில், மல்லாக்கப் படுக்க வைத்து, மணிக்கட்டுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்படி. குப்புறப் போட்டு முதுகில் உட்காரக் கூடாது, மூச்சு முட்டிச் சாவார்கள். அடிக்கடி நாடி பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அடங்கியதும் அவிழ்க்க வேண்டும். நர்ஸ் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள், எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை.

கையெழுத்து என்றதும் குடும்பம் நடுங்குகிறது. அவசரத்தில், உயிருக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து என்றால், எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை கொடுக்கலாம். கூட இருக்கிற உறவினரின் சம்மதம் இருந்தால் போதும். அதற்குள் மனநல மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டால் இந்த அவசரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கரன்ட் வைக்கும் சிகிச்சையை இந்த அவசரப் பெயரில் செய்யவே கூடாது. "கையெழுத்துப் போட்டா ஆயுசுக்கும் உள்ள போட்டுடுவாங்க" என்பதெல்லாம் பழைய பயம்.

இன்னொன்று. கேஷுவாலிட்டியில் கை ஓங்குகிறவர்களில் கணிசமானவர்கள் நோயாளியே இல்லை. காத்திருந்து காத்திருந்து வெடிக்கும் உறவினர்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டரைக் குத்தியதும் ஒரு நோயாளியின் மகன்தான். அதற்கு 2008-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. அந்தக் கோபத்தையும் நோயின் ஆவேசத்தையும் ஒரே கூடையில் போட்டு "மென்டல்" என்று முத்திரை குத்துவதால்தான், நிஜமாகவே நோய் இருப்பவர்மேல் செக்யூரிட்டியின் தடி விழுகிறது. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குபவர்கள்தான் அதிகம்.

போன வருடம் ஒரு தங்கையும் அண்ணனும் வந்திருந்தார்கள். அவளுக்கு பைபோலார் எனப்படும் இருதுருவ நோய், அதற்கான லித்தியம் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். ஐந்து நாள் தூக்கமில்லை, அண்ணனின் லேப்டாப்பை மாடியிலிருந்து போட்டிருந்தாள். சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் எல்லாம் பார்த்து, அட்டெண்டர் அண்ணன் டீயும் கொடுத்து, ஊசி இல்லாமலே அவளுடைய டாக்டரிடம் அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அவளே என்னைப் பார்க்க வந்தாள், தெளிவாக, பேன்ட் சட்டையில், ஐ.டி. கார்டோடு. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மறுபடி இப்படி ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் பேசினால் கேட்பாள் என்று எழுதியிருந்தாள். முன்கூட்டியே இப்படி எழுதி வைக்க 2017 சட்டம் உரிமை கொடுக்கிறது, முறைப்படி பதியவும் செய்யலாம். அவசர சிகிச்சையை அது தடுக்காது, ஆனால் ராத்திரி டூட்டியில் இருக்கிற டாக்டருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். "மாமாவைக் கூப்பிட வேண்டாம். அவர் அட்வைஸ் பண்ணுவார்." அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ் ஒன்று அவர்கள் வீட்டு பிரிட்ஜ் மேல், காந்தத்தில் ஒட்டியிருக்கிறதாம், கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில்.